ஏழாம் அடுக்கின் மூன்று புள்ளிகள்

மேலை வானில் செந்நிறம் ஊறத் தொடங்கி, ஆற்றுப் பாலத்தின் இரும்பு வளைவுகள் தம் நிழலை நீரிலே நீட்டிப் படுக்க, சுமையிறக்கிய வண்டிகள் பெருமூச்செறிந்து ஓரம் ஒதுங்க, கோயில் மணிக்கூண்டின் புறாக்கள் அன்றைய பூசலை அன்றைக்கே முடித்துவிடும் முனைப்போடு ஒன்றையொன்று துரத்திச் சுழல, நகரின் பழந்தெருக்களுள் ஒன்றாகிய அந்தக் கடைத்தெரு, போகிற வெயிலை வழியனுப்பவும் வருகிற இருளை வரவேற்கவும் ஒருங்கே ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பூட்டுச் செய்வோர் அரத்தை உறையிலிட்டனர். பொத்தான் விற்போர் பொத்தானைப் பெட்டியிலிட்டனர். வாயைப் பூட்டுவாரும் ஊர்க்கதையைப் பெட்டியில் இடுவாரும் மட்டும் அத்தெருவில் அன்றும் இல்லை, என்றும் இல்லை.

அத்தெருவின் நடுவண், தையற்காரர் கடைக்கு நேர் எதிரே, மூக்குக்கண்ணாடிக் கடையொன்று உண்டு. அதன் முகப்புப் பேழையில் அடுக்கிய வில்லைகளிலே சாய்வெயில் பட்டுத் தெறித்து, எதிர்க்கடைத் தையற்காரரின் வழுக்கைத் தலையில் மூன்று சிறு ஞாயிறுகளை நாள்தோறும் ஏற்றிவைக்கும். இருபதாண்டு முறையிட்டும் அவருக்குக் கிடைத்த மறுமொழி, "காசில்லாம வெளிச்சம் வருது, அதுக்கும் குறையா?" என்பதே. அம்மறுமொழிக்கு உரியவள் ஐம்பத்திரண்டு அகவையள். தெருவார் இட்ட பெயர் கண்ணாடியம்மை. பெற்றோர் இட்ட பெயரைத் திருமுழுக்கு ஏட்டில் தேடினால்தான் காணலாம். அவளே மறந்திருப்பாள் என்பார் சிலர்.

நூல்நயம் அறிந்த நண்பரே, கண்ணாடியம்மைக்குப் பெருமைகள் இரண்டு. அவ்விரண்டையும் அவள் வாயாலேயே கேட்காதவர் அத்தெருவில் குடியேறி ஒரு கிழமை ஆகாதவராக இருத்தல் வேண்டும்.

முதலாவது, முப்பத்தோராண்டுக் காலத்தில் அவள் கண் ஆய்ந்து கொடுத்த கண்ணாடி ஒன்றேனும் "தெரியவில்லை" என்று திரும்பி வந்ததில்லை. பின்கட்டிலே வில்லைகளை வட்டமாகவும் முட்டையாகவும் தேய்த்துக் கொடுப்பவர் அவள் கணவர், சாணைக்காரர். உரைப்பதற்கு வில்லையும் கேட்பதற்கு மனைவியும் என்று அவருடைய வாழ்வை இறைவன் இரண்டே கூறாக வகுத்திருந்தான். "நான் தேய்க்கறதும் அதுல இருக்கு" என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார், பிறகு சொல்லவில்லை.

இரண்டாவது பெருமை, அவள் பிறந்த குடியின் மன்றாட்டு. அவளுடைய பாட்டனாரின் தந்தையார், அவரும் வில்லை தேய்த்தவரே, தம் கையாலும் நெஞ்சாலும் இழைத்த அம்மன்றாட்டு, எழுதா மறையாக மூன்று தலைமுறை நாவில் நடந்து அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. மாலையில் கடை சாத்துமுன் தொலைபேசி அடிக்கும். குளிர்நாட்டு மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணியாற்றும் தங்கை, அங்கே நண்பகல் உணவைப் பாதியில் நிறுத்தி வருவாள். தீவொன்றில் கப்பற்பொறி பழுது பார்க்கும் தம்பி, உறங்கப் போகுமுன் கொட்டாவியோடு வருவான். பாலைநகரில் பாலங்களுக்கு வரைபடம் தீட்டும் மகன், ஓடும் பேருந்திலிருந்து வருவான். அன்றைக்குரிய திருமறைப் பகுதியை ஒருவர் படிக்க மூவர் கேட்பர். பின்னர் நால்வரும் ஒருமிக்க மன்றாடுவர். கடல்கள் இடையே கிடந்து உறுமினாலும், அவ்வேளையில் நான்கு வீடும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும் என்பது அவள் கொள்கை. அது பொய்யென்று சொல்ல எவர்க்கும் நா எழாது. தொலைபேசியில் அவள் குரல் அத்தனை பெரிது.

அந்த மன்றாட்டில் ஒரு செருமல் உண்டு.

ஈற்றடியிலே, "அருகில் உள்ளாரையும், தொலைவில் உள்ளாரையும்" என்று சொல்லி, ஒருமுறை தொண்டையைச் செருமி, அதன் பிறகே "உம் உள்ளங்கையில் ஏந்தியருளும், ஆமென்" என்று முடித்தல் வேண்டும். பாட்டனார் செருமினார், தந்தையார் செருமினார், ஆதலின் மக்களும் செருமினர். நான்கு நாட்டிலிருந்து நான்கு தொண்டைகள் ஒரே நொடியில் கனைப்பதைக் கேட்ட தங்கை கணவர், மணமான புதிதில், குடும்பம் முழுமைக்கும் சளி பிடித்துவிட்டதென்று அஞ்சி வெந்நீர் வைத்தார். தம்பி மனைவியோ மணவோலை எழுதுமுன்னரே செருமிப் பழகிக்கொண்டாள். தங்கையின் மூன்று அகவை மகள் முதன்முதல் பிழையின்றிச் செருமிய நாளில், "பிள்ளைக்குச் செருமல் வந்துடுச்சு" என்று கண்ணாடியம்மை தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். சாணைக்காரருக்கு மட்டும் முப்பதாண்டாகியும் அது இருமலாகவே வந்துகொண்டிருந்தது. "வெளிக் குடும்பம், என்ன செய்யறது" என்று அவள் அவரை மன்னித்திருந்தாள்.

இத்தகு மன்றாட்டை வீட்டுக்குள்ளே பூட்டி வைப்பாளா? கண் ஆய்வதற்குக் கையில் கொடுத்துப் படிக்கச் செய்யும் அட்டையில், பிற கடைகளில் பொருளற்ற சொற்கள் எழுத்துக் குறையக் குறைய அடுக்கப்பட்டிருக்கும். அவள் அவற்றை நீக்கி, குடும்ப மன்றாட்டை ஏழு அடுக்காகப் பகுத்து அச்சிட்டு வைத்தாள். முதலடுக்கு எழுத்து கட்டைவிரல் அளவு. ஏழாமடுக்கு எழுத்து எறும்பின் முட்டை அளவு. செருமலுக்கு என்ன எழுத்துக் கோப்பது என்று அச்சகத்தார் திகைத்தபோது, சற்றே எண்ணி, மூன்று புள்ளிகள் வைக்கச் சொன்னாள். ஒரே கூலியில் கண்ணும் ஆன்மாவும் தெளியட்டும் என்பது அவள் எண்ணம். "கண்ணாடி வாங்கப் போனவனையும் முழங்காலில் நிறுத்துகிறாள்" என்பது தெருவின் எண்ணம்.

இவ்விரு பெருமைகளின் நிழலில் ஒரு சிறுமையும் ஒண்டியிருந்தது. அக்குடியில் எவர்க்கும் ழகரம் நாவில் நில்லாது. வாழையும் மழையும் அவர்கள் வாயில் வாளையும் மளையும் ஆகும். அதனோடு ஒன்று: பாட்டனார் விட்டுச்சென்ற திருமறையில், சில சொற்களின் கீழே கரிக்கோலால் நுண்ணிய புள்ளிகள் இருந்தன. அவை அழுத்திப் படிக்கவேண்டிய சொற்கள் என்று தந்தையார் சொல்லிவைத்தார். ஆதலின் கண்ணாடியம்மை கோயிலில் வாசிக்கும்போது, யாரும் எதிர்பாராத சொற்களில் குரல் இடிபோல் எழும். கழுதையைக் குறித்த பகுதியொன்றில், அவ்விலங்கின் பெயரை ளகரத்தோடு அவள் ஓங்கி முழங்கியதில், பாடகர் குழுவினர் பாட்டுநூலால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கியது இன்றும் பேசப்படுகிறது. இருபதாண்டு அவளுக்கே உரியதாயிருந்த ஞாயிற்று வாசிப்பை, அக்கிழமை மட்டும் ஆயர் வெளிநாட்டிலிருந்து வந்த முதியவர் ஒருவருக்கு அளித்திருந்தார். காரணத்தை ஆயர் சொல்லவில்லை, தெரு சொன்னது.

அம்முதியவர்தாம் செவ்வாய் மாலை அவள் கடைப்படி ஏறினார். எழுபது அகவை, விரல்நுனிகளில் பலவண்ணச் சாயத்தின் பழங்கறை, கடைப்பலகைகளில் எழுத்துத் தீட்டும் தொழிலில் ஐம்பதாண்டு உழைத்து ஓய்ந்தவர். அண்மையில் இந்நகரில் குடியேறிய மகளைக் காணக் கடல் கடந்து வந்திருந்தார்.

"உக்காருங்க ஐயா. இந்த வாரம் கோயில்ல வாசிக்கப் போறது நீங்கதானாமே?"

"ஆமாம்மா. ஆயர் கேட்டாரு, மறுக்க முடியல. வர்ற வழியில கண்ணாடி கடல்ல விழுந்துடுச்சு. தூரத்துல பருந்து பறந்தா இறகை எண்ணிடுவேன். கிட்டத்துல புத்தகத்தப் பிடிச்சா எறும்பு ஊர்வலம்தான் தெரியுது."

'வழியில' என்றபோது அவர் நா மேலே மடிந்து, மெல்லச் சுருண்டு, ழகரத்தை ஒரு முத்தைப் போல உருட்டி வெளியே வைத்தது. கண்ணாடியம்மையின் முகத்தில் அது சுருக்கென்று தைத்தது. ஆய்வுச் சட்டத்தை அவர் மூக்கில் ஏற்றி, எல்லாவற்றினும் மெல்லிய வில்லையை முதலில் இட்டு, அட்டையைக் கையில் கொடுத்தாள்.

"மேலருந்து படிங்க. எங்க தெரியாமப் போகுதோ, அங்க நிறுத்துங்க."

எழுத்தோவியர் தொடங்கினார். "ஒளியின் ஊற்றே, இப்பகல் முழுதும் எம் கைகளை நடத்தினீர்" என்பது முதலடுக்கு. அதைக் கண்டதும் அவர் குரல், மேட்டிலிருந்து இறங்கும் உருளையைப் போல உருளத் தொடங்கியது. "எம் இல்லத்தையும் எம் கைத்தொழிலையும் உம் நிழலில் வைத்தோம், பிழை கண்ட இடத்தில் பொறுமை தாரும்" என்று அடுக்கடுக்காய் இறங்கி, ஏழாம் அடுக்கையும் எட்டி, செருமி, முடித்து, நிமிர்ந்து பார்த்தார். வழக்கம்போல அவளும் உடன் செருமினாள். செருமல் அவளுக்கு மீனுக்கு நீர் போன்றது. ஆதலின் பிறர் செருமியதை அவள் கவனிக்கவில்லை. பின்கட்டில் சாணைக்காரர் மட்டும் சக்கரத்தை நிறுத்தித் தலை நீட்டினார். பிறகு, நமக்கென்ன என்று மீண்டும் மிதித்தார்.

"அடேயப்பா, இந்த வயசுல ஏளாவது வரியா! உங்களுக்குப் பேருக்கு ஒரு கண்ணாடி போதும்" என்றாள் அவள்.

எழுத்தோவியர் மீசையைத் தடவினார். அந்தத் தடவலில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது என்பதை அப்போது அறிந்தவர் அவரும் ஆண்டவரும் மட்டுமே.

வெள்ளிக்கிழமை மாலை, தையற்காரர் தலையில் மூன்று ஞாயிறுகள் ஏறிய அதே வேளையில், அவர் திரும்பி வந்தார். கண்ணாடி கையில் இருந்தது, மூக்கில் இல்லை.

"அம்மா, இது கண்ணாடியா, ஜன்னலா?"

"ஏன் ஐயா?"

"வெளிய வேடிக்கை பாக்க நல்லா இருக்கு. புத்தகம் தெரியல. ஒரு எழுத்தும் தெரியல."

எதிர்க்கடையில் ஊசியும் நூலும் அந்தரத்தில் நின்றன. பூட்டுக் கடையிலிருந்து ஒரு தலை முளைத்தது. முப்பத்தோராண்டு எழுப்பிய கோபுரத்தின் அடிக்கல் அசைந்த ஒலி தெருமுனை வரை கேட்டது போலும்.

"நாளை மறுநாள் நான் எல்லார் முன்னாலயும் நிக்கணும்" என்றார் அவர், குரல் சற்றுத் தடித்து. "மக சொல்றா, வழக்கமா நீங்கதான் வாசிப்பீங்களாமே. என் வாசிப்பு போனாப் போகுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பழிய ஆள் மேல தீத்துக்கலாம், கண்ணு மேல தீத்துக்கலாமா?"

கண்ணாடியம்மை தவறு என்றால் தாங்கியிருப்பாள். வஞ்சம் என்றால் எப்படித் தாங்குவாள்? ஞாயிறன்று அவர் எழுத்துத் தடுமாறி நின்றால், அது தன் கைவேலை என்று ஊர் சொல்லும். தன் குடியின் மன்றாட்டை அட்டையிலே அச்சிட்டுவிட்டு அதே அட்டையால் ஒரு முதியவரின் கண்ணைக் கட்டினாள் என்று சொல்லும். மறுக்கவும் முடியாது, வாசிப்பு கைமாறிய பகை இருப்பதாகத் தெரு ஏற்கெனவே தீர்ப்பெழுதிவிட்டது.

"ஏளாவது வரி வரைக்கும் கடகடன்னு படிச்சது நீங்கதானே? உக்காருங்க. எல்லாரும் பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

ஒரு கண்ணைத் தெருவின் மேல் வைத்தே சட்டத்தை ஏற்றி, அதே வில்லைகளை இட்டு, அட்டையை அவர் முன்னே நீட்டினாள். எழுத்தோவியர் தொடங்கினார், ஒளியின் ஊற்றிலிருந்து ஏழாமடுக்கு வரை ஓரிடமும் இடறாமல் இறங்கிச் செருமி முடித்தார். அவள் வெற்றியோடு தெருவை நோக்கித் திரும்பினாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றது பின்கட்டுக் குரல். சாணைக்காரர் துணியில் கை துடைத்தவாறு வந்து நின்றார். "அட்டையத் தலைகீழாப் பிடிச்சிருக்கியே, அதையும் பாத்தேன்."

தெரு சிரித்ததோ இல்லையோ, தையற்காரர் சிரித்தார். எழுத்தோவியர் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"ஒத்துக்கறேம்மா. அன்னைக்கே மூணாவது வரிக்குக் கீழ எனக்கு வெறும் மங்கல்தான். மேல் வரியப் பாத்ததும் நாக்கு தானா ஓடிடுச்சு, இன்னைக்கும் அதே கதை. நடுவுல நிறுத்திருக்கலாம். ஒரு அம்மா முன்னால தெரியலன்னு சொல்ல மனசு வரல. எழுத்த நம்பிப் பொழச்சவன் நான். சின்னப் பிள்ளையில எங்க அப்பா சொல்லிக் குடுத்த ஜெபம் இது. ஏதோ பழைய ஜெபப் புத்தகத்துல இருந்திருக்கும். நீங்களும் அதுலருந்துதானே எடுத்தீங்க?"

"இது எந்தப் புத்தகத்துலயும் கிடையாது" என்றாள் கண்ணாடியம்மை. பெருமை பழக்கத்தால் முந்திக்கொண்டது. "எங்க தாத்தாவோட அப்பா செஞ்சது. எங்க வீட்டையும் இந்த அட்டையையும் விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

சொல்லி முடித்த பிறகே அச்சொல்லின் பொருள் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"செருமினாரும்மா" என்றார் சாணைக்காரர் மெல்ல. "செவ்வாக்கிழமையும் செருமினாரு, இன்னைக்கும் செருமினாரு. உங்க எடத்துலயே. முப்பது வருசமா எனக்கு வராதது அவருக்குச் சுளுவா வருது."

கடைக்குள் சாணைச் சக்கரம் தானே சுழன்று ஓய்ந்தது.

"ஐயா, அந்த எடத்துல ஏன் செருமறீங்க?"

"அங்க அட்டையில என்ன போட்டிருக்கு?"

"மூணு புள்ளி."

"புள்ளியா?" எழுத்தோவியர் அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார், தொலைவில் நீட்டினார், எதிலும் தெரியாமல் தாழ்த்தினார். "'உடன்பிறந்தாரையும்'னுல்ல இருக்கணும்? அப்பாவுக்கு அந்தச் சொல் மட்டும் வாயில வராது. செருமிட்டுத் தாண்டிடுவாரு. அவரு செருமினதால நாங்களும் செருமறோம். சொல்ல வேண்டிய சொல் என்னன்னு அம்மாதான் பின்னால சொன்னாங்க."

பிறகு அவர் சொன்ன கதை நீண்டதன்று. எழுபத்தைந்து ஆண்டுப் பகைக்கு அது மிகச் சிறியது. அண்ணனும் தம்பியுமாக இருவர் ஒரு கண்ணாடிக் கடையை நடத்தினர். அண்ணனுக்கு மணமான மறுகிழமை, பெண்வீட்டார் நிறைந்திருந்த கூடத்தில், அண்ணன் திருமறை வாசித்தார். 'வழி' என்னும் சொல்லை 'வளி' என்று வாசித்தார். பதினெட்டே அகவைத் தம்பி, அறிவு மிகுதியாலோ அகவைக் குறைவாலோ, "அண்ணா, அது வளி இல்ல, வழி" என்று எல்லார் செவியிலும் விழத் திருத்தினான். புதுப்பெண் வாய்பொத்திச் சிரித்தாள். அண்ணன் நூலை மூடினார். "அப்ப உன் வளியப் பாத்துக்கிட்டுப் போ" என்றார். சினத்திலும் அவருக்கு ழகரம் வரவில்லை. தம்பி அதற்கும் சிரித்துவிட்டான் என்பதுதான் மன்னிக்க முடியாத குற்றமாயிற்று. அன்றிரவே போனவன், கடல் கடந்தான். வில்லையைத் தொடாமல் தூரிகையைத் தொட்டான்.

"எந்த ஊர்லருந்து வந்தீங்கன்னு கேட்டாக்கூட அப்பா செருமுவாரு" என்றார் எழுத்தோவியர். "கண்ணாடிக் கடை எதிர்ல வந்தா அடுத்த பக்கம் போயிடுவாரு. ஆனா ஒரு நாள்கூட ஜெபத்த விட்டதில்ல. அந்த எடத்த விட்டதும் இல்ல. நேரா 'உள்ளங்கை'க்குப் போயிருக்கலாம். போக மாட்டாரு. நின்னு, செருமிட்டுத்தான் போவாரு."

கண்ணாடியம்மை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை எளிதில் ஒப்புவாளாயின் அவள் அக்குடியில் பிறந்தவளே அல்லள். "எங்க தாத்தாவுக்குத் தொண்டை சரியில்ல" என்றாள். சொன்னவளின் நினைவில் பாட்டனாரின் குரல் எழுந்தது. அது வெண்கல மணியைப் போன்றது. ஓரிடத்திலன்றி வேறெங்கும் அவர் செருமியதாக நினைவு இல்லை.

மனம் தடுமாறும் வேளையில் கைத்தொழில் ஊன்றுகோலாகும். அவள் எழுந்தாள். அட்டையை மேசையறையில் இட்டுச் சாத்தினாள். நாவறிந்ததைக் கண்ணறிந்ததாக நம்பிய தன் பிழையைச் சொல்லாமலே திருத்துவாள் போல, பாட்டனாரின் திருமறையை எடுத்து, மனப்பாடமாக எவரும் அறியாத ஒரு பெயர்ப்பட்டியல் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள். வில்லை மேல் வில்லையாக மாற்றினாள். "இது தேவலையா, அது தேவலையா" என்று முப்பத்தோராண்டு கேட்ட கேள்வியை அன்றுதான் முதன்முறை கேட்பவளைப் போலக் கேட்டாள். ஆறாம் மாற்றத்தில் எழுத்தோவியரின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது.

"தெரியுது" என்றார். ஒரு பெயரைப் படித்தார், மற்றொன்றைப் படித்தார். பக்கத்தைப் புரட்டினார். பின்னும் புரட்டினார். "எழுத்துக்கு அடியில யாரும்மா புள்ளி வச்சது?"

"தாத்தா. அந்த வார்த்தையெல்லாம் அளுத்திப் படிக்கணும்."

"வார்த்தைக்கு வச்ச புள்ளி மாதிரி தெரியலையே." ஐம்பதாண்டு சொல்லைப் பாராமல் எழுத்தையே பார்த்துப் பழகிய விரல், புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஊர்ந்தது. "இங்க 'மழை'. இங்க 'கிழக்கு'. இங்க 'கழுதை'. வார்த்தைக்கு நடுவுல இல்ல, அந்த எழுத்துக்கு நேர் கீழ வச்சிருக்காரு. அம்மா, இது எல்லாம் ழ."

அவள் குனிந்து பார்த்தாள். உலகம் படைக்கப்பட்ட முதற்பக்கத்திலிருந்து இறுதி ஏட்டின் இறுதி வரி வரை, ஓராயிரம் தாளில், ஒரு ழகரமும் தப்பாமல், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு புள்ளி. ஒரு நாளில் வைத்தவை அல்ல. முன்பகுதிப் புள்ளிகள் திண்ணியவை, பின்பகுதிப் புள்ளிகள் முதுமையின் நடுக்கத்தால் வால் நீண்டவை. வாய் திறந்து 'தம்பி' என்று அழைக்க மாட்டாத மனிதர், தம்பி திருத்திய ஓரெழுத்தை வாழ்நாள் முழுதும் தனியே இருந்து பயின்றிருக்கிறார். வரவே இல்லை. ஆயினும் விடவே இல்லை. தெருவுக்கெல்லாம் கண் கொடுத்தவள், தன் வீட்டு ஏட்டிலே இருந்ததை, ஒரு கழுதையை முழங்கியும் கண்டிலள்.

அவள் அப்புள்ளிகளை விரலால் வருடினாள். பேசியது சாணைக்காரர்.

"உங்க அப்பா மொறையில இவரு உனக்குச் சித்தப்பா ஆகுது."

"தெரியும்" என்றாள் கண்ணாடியம்மை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மூக்குறிஞ்சி, "தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு முதியவரை நோக்கி, "சித்தப்பா, இந்தக் கண்ணாடி நாளைக்கு ரெடியாகும். இது திரும்பி வராது" என்றாள்.

"வரலன்னாலும் நான் வருவேன்" என்றார் அவர்.

அவ்வேளை தொலைபேசி அடித்தது. அன்று விடுப்பில் வீட்டிலிருந்த தங்கை படித்தாள், கேட்டனர். மன்றாட்டு தொடங்கியது. அன்று அக்கடையில் குரல் ஒன்று கூடுதலாயிருந்ததை எவரும் உணருமுன், ஈற்றடி வந்தது. குளிர்நாடு செருமிற்று, தீவு செருமிற்று, பாலைநகர்ப் பேருந்து செருமிற்று. கண்ணாடியம்மை செருமவில்லை. தெளிவாக, எந்த எழுத்தும் சிதையாமல், "உடன்பிறந்தாரையும்" என்றாள். எழுபத்தைந்து ஆண்டு காலியாய்க் கிடந்த இருக்கையில் அச்சொல் வந்து அமர்ந்தது. அவ்வொலி கேட்ட எழுத்தோவியரோ, அச்சொல்லை இளமை முதல் அறிந்தவர், சொல்ல வாய் திறந்தும் சொல்ல மாட்டாமல், செருமினார். இம்முறை அது வழக்கத்தால் வந்த செருமல் அன்று.

"அம்மா," என்று கடலுக்கு அப்பாலிருந்து மூன்று அகவைக் குரலொன்று முறையிட்டது, "பெரியம்மா செரும மறந்துட்டாங்க."

ஞாயிறன்று கோயிலில் கண்ட காட்சியைத் தெரு இன்னும் பேசி ஓயவில்லை. எழுத்தோவியர் புதுக்கண்ணாடி மின்ன எழுந்து, புள்ளி வைத்த அதே திருமறையிலிருந்து பாதிப் பகுதியை வாசித்தார். ஒவ்வொரு ழகரமும் முத்தாய் உருண்டது. பாதியில் நிறுத்தி, முன்வரிசையிலிருந்த கண்ணாடியம்மையை அழைத்து, நூலை அவள் கையில் கொடுத்து அருகே நின்றார். அவள் தொடர்ந்தாள். 'வழி' வந்தது. பாட்டனாரின் புள்ளி அச்சொல்லின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நாவை மடித்தாள், முயன்றாள், 'வளி' என்றே வந்தது. பாடகர் குழு பாட்டுநூலை உயர்த்திற்று. தம்பியின் மகன் திருத்தவில்லை. செருமவும் இல்லை. அது தம் குடிக்கே உரிய சொல் என்பதுபோல நிமிர்ந்து நின்று, அவள் முடித்ததும், கோயில் நிறைய, "ஆமென்" என்றார்.

இன்று அக்கடைக்குச் சென்று கண் காட்டுவோர் அந்த அட்டையைக் காணலாம். ஏழாமடுக்கில் மூன்று புள்ளிகள் இருந்த இடத்தில், எறும்பின் முட்டையினும் சிறிய எழுத்தில், தூரிகையின் ஒற்றை மயிரால் தீட்டிய சொல்லொன்று இருக்கிறது. அச்சென்று எண்ணி ஏமாறாதவர் இல்லை. அதை எழுதிய கண்ணுக்கு வில்லை கொடுத்தவள் யார் என்று கேட்டுவிடாதீர். கேட்டால் மாலை வரை வீடு திரும்ப இயலாது. இருவர் ஒரு சொல்லை விழுங்கினர். விழுங்கிய இடத்தை மூடாமல், நாள்தோறும் அங்கே நின்று சென்றனர். பொருளறியாத பிள்ளைகள் அந்த நிற்றலைக் கடல்கள் கடந்தும் காத்து வைத்தனர். மனிதர் தம் மன்றாட்டில் சொன்னவற்றை மட்டுமே இறைவன் கேட்பான் என்றால் உலகம் என்றோ வறண்டிருக்கும்; தொண்டையில் நின்றவற்றையும் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் போலும்.

சாணைக்காரருக்கு மட்டும் ஒரு குறை உண்டு. செருமல் அவருக்கு இப்போதுதான் சரியாக வரத் தொடங்கியிருக்கிறது.